அடா

எனக்கு ஒன்றும் நடக்கவில்லை, அதுதான் வியாதி
என்றேன் முதல் நாள்.
ஃபரீதா எதையும் எழுதிக்கொள்ளவில்லை.
மேசையில் டிஷ்யூப் பெட்டி என் பக்கமாகத் திரும்பியிருந்தது.
அதைப் பார்க்கப் பார்க்கக் கோபம் வந்தது.

வீட்டுக் கடன் மார்ச்சில் முடிந்தது.
மகள் பெர்த்தில்; குளிருக்கு வாங்கிய கோட்டைப் படமெடுத்து அனுப்புகிறாள்.
கணவர் நல்லவர். ஞாயிறு தவறாமல் மீன் வாங்குவார்,
செதிள் சீவித் தரச் சொல்ல மறந்து வருவார்.
ரத்தம், சர்க்கரை, எல்லாம் சரி.
ஐம்பத்திரண்டு வயதில் தோ பாயோ பேருந்து நிலையத்தில்
என் பேருந்து வந்தது, கதவு திறந்தது, மூடியது, போனது.
வரிசையில் முதல் ஆள் நான்.
ஏறத் தோன்றவில்லை.
அவ்வளவுதான். அழக்கூட இல்லை.

எதற்கு இதெல்லாம் என்று
பல் துலக்கும்போதும் கேட்டுக்கொண்டிருந்தேன்.
ஃபரீதா அந்தக் கேள்வியை
உள்பக்கம் வெளியே தெரியும் சட்டையைப் போல
ஒருமுறை உதறித் திருப்பினார்:
"இன்றைக்கு உங்களிடம் யார், எதைக் கேட்டார்கள்?
நாளுக்கு ஒரு வரி போதும்.
பொய் மட்டும் எழுதாதீர்கள்."

திங்கள்: அலுவலகப் பிரிண்டர் மை கேட்டது.
செவ்வாய்: எதிர்வீட்டு மிஸஸ் டியோ, பார்சலை வாங்கி வைக்கச் சொன்னார். என்ன கனம்!
புதன்:

வியாழன், இரவுப் பணி.

என் வேலையைச் சொல்லவில்லையே.
மின்தூக்கி பாதியில் நின்றால் மணிப் பொத்தானை அழுத்துவீர்கள்,
கரகரப்பாய் ஒரு பெண் பேசுவாள் அல்லவா,
அது நான். பதினான்கு வருடமாய்.
புளோக் எண் என்ன. எத்தனை பேர். ஆள் வருகிறார்கள்.
பிறகு அடுத்த அழைப்பு.

இரவு இரண்டு பத்து. ஹவ்காங்.
ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே ஒரு முதியவர்.
ஆங்கிலம் அவருக்கில்லை, மாண்டரின் எனக்கில்லை.
மிச்சமிருந்தது சந்தை மலாய்.
கையில் டுரியான் பை இருக்கிறதாம்,
அந்த வாடைக்குத்தான் நின்றுவிட்டதா என்று கேட்டார்.
சிரித்துவிட்டேன். பதிவாகும் அழைப்பு அது.

பிறகு அங்கே விளக்கு அணைந்திருக்க வேண்டும்.
"அடா?" என்றார்.
"அடா, அங்கிள், அடா."

மலாயில் அதற்கு அர்த்தம், இருக்கிறேன்.
தமிழிலோ, வாய் பிளந்து நிற்பவர் சொல்வது.
முப்பத்தெட்டு நிமிடம்
பெரும்பாலும் அந்த ஒரே சொல்லைத்தான் பேசினோம்,
அவர் கேள்விக்குறியோடு, நான் அது இல்லாமல்.
மற்ற அழைப்புகளை ரோஸ்லான் எடுத்தான்,
கண்ணாலேயே என்னைத் திட்டிக்கொண்டு.
கதவை நெம்பும் சத்தம் கேட்டது.
நன்றி என்றெல்லாம் ஒன்றுமில்லை;
பை கிழிந்துவிட்டதென்று யாரையோ ஏசிக்கொண்டே போனார்.

நோட்டில் எழுதினேன்: இருக்கிறாயா என்று கேட்டார்.
அதே கோட்டில் பதிலுக்கும் இடம் இருந்தது.
பேனாவை மூடி வைத்தேன்.

ஃபரீதா படித்தார்.
கண் கலங்குவார், பெட்டியை அவர் பக்கம் திருப்பலாம்
என்று காத்திருந்தேன்.
அவர் விரல் போய் நின்றது புதன்கிழமையில்.
"இது?"
"யாரும் ஒன்றும் கேட்கவில்லை."
"சரி. காலியாகவே இருக்கட்டும்."
இன்னும் எத்தனை புதன் இப்படி என்றேன்.
தெரியாது என்றார்.
எண்பது வெள்ளிக்கு நேர்மையான பதில்தான்.

இறங்கும்போது மின்தூக்கியில் நான் மட்டும்.
ஏழு. ஆறு.
அந்தப் பொத்தானை முதன்முறையாக
இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.
மஞ்சள். நடுவில் தேய்ந்திருந்தது.
எத்தனை விரல்கள்.
அழுத்தவில்லை.
யாருமில்லாத பெட்டிக்குள், சத்தமே வராமல்,
கேள்விக்குறியோடு ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.
ஐந்து. நான்கு.

மூன்றில் கதவு திறந்தது.
மழையில் நனைந்த பையன் ஒருவன்,
முதுகில் பெரிய பச்சை உணவுப் பெட்டி.
"ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளிக்கிங்க."

தள்ளி நின்றேன்.
பெட்டியிலிருந்து நீர் என் செருப்பில் சொட்டியது.